ஏலத்துக்கு வந்த அக்காவின் காசுகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்கு அக்கா என்றால் உயிர். அக்காவுக்கோ வெள்ளிக் காசு என்றால் உயிர். கடையில் செலவழிக்கிற காசு இல்லை, கண்ணுகளா. சேர்த்துவைப்பவர்களுக்கென்றே அச்சடிக்கும் ப்ரூஃப் காசு. முகம் பார்க்கலாம், அப்படி மின்னும். விரல் பட்டால் போச்சு. கையுறை போடாமல் அக்கா தொடவே மாட்டாள்.

அந்தக் காசுகள் ஒவ்வொன்றாக இணைய ஏலத்துக்கு வந்தன. விற்பவர் ஏதோ புனைபெயரில் இருந்தார். அதனால் என்ன? கப்பல் போட்ட காசின் ஓரத்துக் கீறல் தங்கைக்குத் தெரியாதா? அது விழுந்த அன்று அக்கா சோறு தண்ணியில்லாமல் கிடந்தாளே. அக்காவுக்குப் பணமுடை, கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று இவளாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தானும் ஒரு புனைபெயரில் ஏலம் கேட்டு, வந்ததையெல்லாம் எடுத்தாள்.

"காசைக் குடுத்துக் காசு வாங்குற ஒரே ஆளு நீதான்டி!" என்றான் கணவன்.

"எங்கக்கா மானம் உங்களுக்குக் கிண்டலா இருக்கா?"

இறைக்க இறைக்க ஊறும் கிணறு போல, இவள் எடுக்க எடுக்கக் காசுகள் வந்துகொண்டே இருந்தன. அக்கா மட்டும் போனுக்கு வரவில்லை. அத்தான்தான் பேசினார்.

ஒருநாள் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரம். புதிதாக வந்த காசின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடிச் சில்லில் நிழல் பார்த்துப் பழகிய கண் அல்லவா? காசின் பளபளப்புக்குள் அத்தான் கைப்பேசியோடு நின்றார். அவருக்குப் பின்னால் அக்காவின் அறைக்கதவு. வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது.

உடனே அழைத்தாள்.

"அத்தான், அக்காகிட்ட குடுங்க."

"தூங்குறா, மச்சினி."

"எழுப்புங்க. குரல் கேட்டாப் போதும்."

"இவ்ளோ பாசம் இருக்கிறவ, வீட்டுப் பக்கம் வந்து எத்தனை மாசமாச்சு?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நெருப்பள்ளிப் போட்டது போலிருந்தது. ஐயோ, அந்தக் கைக்குத் தீனி போட்டதே நான்தானே!

திரையில் அடுத்த காசு வந்தது. அக்கா பிறந்த வருஷத்துக் காசு; கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துச் சங்கிலியில் கோத்தது. குளிக்கும்போதுகூட அக்கா அதைக் கழற்ற மாட்டாள். அதன் மினுமினுப்பில் அத்தானின் முகம் மட்டும், மேலிருந்து குனிந்தபடி பெரிதாகத் தெரிந்தது. காசுக்கு அடியில் கொஞ்சம் கழுத்துத் தோல். கழற்றாமலே எடுத்த படம்.

"கடையைச் சாத்துங்க! போலீசுக்குப் போனைப் போட்டுக்கிட்டே வாங்க!"

கடைக்குள்ளிருந்த கணவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவள் முகமே சொல்லிவிட்டது.

முதல்முறையாக அவள் ஏலம் கேட்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்போது கைப்பேசி அதிர்ந்தது. அந்தக் காசை வேறு யாரோ கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.