வள்ளூர் கிரேஸ் நர்சு படிக்கப் போன வருஷம்

வள்ளூரில் தாவீதின் மகள் கிரேஸ் யாருடைய மணிக்கட்டைப் பிடித்தாலும் அந்த ஆளின் நெஞ்சுத் துடிப்பு தெருக்கோடி வரை கேட்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷக் கோடையில், அவள் நர்சு படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது இது தொடங்கியது. அந்தக் கோடையில்தான் எண்ணூரில் மின்நிலையம் கட்டுகிற இடத்தில் புகைபோக்கி தென்னை உயரத்தைத் தாண்டியது, கொசஸ்தலை ஆற்றில் இறால் நன்றாகப் பட்டது, அத்திப்பட்டு உப்பளத்தில் இரண்டு தரம் மழை பெய்து உப்பைக் கரைத்துவிட்டது. அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் ஊரார் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

தாவீது முன்பு பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். மின்நிலைய வேலை வந்ததும் கலவை சுமக்கப் போனார். மாலையில் இமையெல்லாம் சிமெண்டாகத் திரும்பி வருவார். ஒரே மகள். பொன்னேரியில் பதினோராம் வகுப்பு தேறி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் நர்சுப் பள்ளிக்கு நேர்முகத் தேர்வு போய், தேர்வாகியும் விட்டாள். ஜூலையில் சேர வேண்டும். முதல் பருவத்தில் தேறியவர்களுக்கே தலையில் தொப்பி. தேறாதவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கிரேசுக்குத் திரும்புகிற யோசனையே கிடையாது. அதனால் சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டாள். வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு உப்பளத்து வரப்பில் காலையிலும் மாலையிலும் நடந்தாள். அதுவரை செருப்புகூடப் போடாத கால் அது. கயிற்றுக் கட்டிலில் வேட்டியை ஆஸ்பத்திரி விரிப்பாக விரித்து, நான்கு மூலையும் உறை மடிப்பதுபோல் மடிக்கப் பழகினாள். கோணி ஊசியால் கத்தரிக்காய்களுக்கு ஊசி போட்டாள். அந்த மாதம் அவர்கள் வீட்டுக் குழம்பில் ஓட்டை விழாத கத்தரிக்காய் கிடையாது. தாவீதுக்கு அடிபடாமலேயே முழங்காலில் கட்டுப் போட்டாள். அவர் அதோடு தேவாலயத்துக்குப் போனார், ஏனென்று கேட்டவர்களுக்குப் பெருமையாக விளக்கமும் சொன்னார்.

நாடி பார்க்க நொடி முள் உள்ள கடிகாரம் வேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பக்கத்து வீட்டு அப்பாவு தன் கைக்கடிகாரத்தை இரவல் கொடுத்தார். முதலில் தாயார் மேரியின் கையைத்தான் பிடித்தாள். விரல் பட்டதும், வாசலில் யாரோ நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவதுபோல் சத்தம் எழுந்தது. மேரி மறுகையால் அடுப்பில் மீனைத் திருப்பிக்கொண்டே, “கருகுது, சீக்கிரம் எண்ணு” என்றாள். கிரேஸ் எண்ணி முடித்து விரலை எடுத்தாள், சத்தமும் நின்றது. அடுத்து தாவீதின் நண்பர்கள், அதன் பின் தெருவே வரிசையில் நின்றது. போதகர் வந்து தன் கையையும் நீட்டிக் கேட்டுவிட்டு, இதில் தவறில்லை, ஆனால் ஆராதனை நேரத்தில் மட்டும் வேண்டாம், பாட்டின் தாளம் கெடுகிறது என்றார். காட்டுப்பள்ளியிலிருந்து மீனவர்கள் படகில் வந்து கேட்டுவிட்டு, ஒரு கூடை இறால் வைத்துவிட்டுப் போனார்கள். தாவீது மட்டும் கையை நீட்டவில்லை. மகள் அருகில் வந்தாலே துண்டுக்குள் கையைச் சுருட்டிக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை நடத்தும் அவருடைய அக்கா ரோசம்மாளுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். காலராவில் பெற்றோர் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். கிரேஸ் பிறந்த அன்றே தன் மகன் ராஜமாணிக்கத்துக்கென்று கேட்டாள். தாவீதும் சரி என்றார். நர்சுப் பள்ளியில் கல்யாணமான பெண்ணைச் சேர்க்க மாட்டார்கள். ரோசம்மாளோ ஜூனிலேயே கல்யாணம் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினாள். மகளிடம் போ என்று சொல்லவும் அக்காவிடம் முடியாது என்று சொல்லவும் தாவீதுக்கு வாய் வரவில்லை. இந்த நிலையில் தன் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது அவருக்குத் தெரியும், அதைத் தெருவுக்குக் கேட்கவைக்க அவர் விரும்பவில்லை.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தாவீது, மேரி, கிரேஸ் மூவரும் புதுவாயலுக்குப் போனார்கள். கடை பெஞ்சில் லாரிக்காரர்கள் தோசை தின்றுகொண்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் லாரியில் கிளீனராக இருந்தான். நல்லவன், அதிகம் பேசமாட்டான். ரோசம்மாள் சுற்றி வளைக்கவில்லை. கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே மருமகளைப் பார்த்து, “இவன் நெஞ்சுல உன்னைத் தவிர வேற நெனப்பே கெடையாது. கையப் புடிச்சி நீயே கேட்டுக்கோ” என்றாள். ராஜமாணிக்கம் கிரீஸ் படிந்த கையைத் துடைத்து நீட்டினான். கிரேஸ் பிடித்தாள். ஓரமாக நிறுத்திய லாரியின் எஞ்சின்போல நிதானமாக, ஒரே சீராக ஒரு துடிப்பு கடை முழுவதும் கேட்டது. ரோசம்மாள் கல்யாணப் பேச்சை எடுத்தாள், துடிப்பில் மாற்றமில்லை. மோதிரம், முக்காடு, பிரியாணி வரைக்கும் சொல்லிப் பார்த்தாள். அதே துடிப்பு. அப்போது தடா பக்கமிருந்து புதுப் பச்சை வண்ணம் அடித்த பஞ்சாப் லாரி ஒன்று வளைவில் திரும்பியது. ஹாரன் சத்தம் வருவதற்கு முன்பே ராஜமாணிக்கத்தின் நெஞ்சு குதிரைபோல் பாய, அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தனக்கு இப்போது லைசென்சு எடுக்கத்தான் ஆசை என்று தாயிடம் மெல்லச் சொன்னான். பெஞ்சில் இருந்த டிரைவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்களாகத் தலையாட்டினார்கள்.

ரோசம்மாளுக்குக் கோபம் வந்தது. அடுப்பை விட்டு எழுந்து, மகன் கையிலிருந்து கிரேசின் கையைப் பிடுங்க வந்தாள். அந்த இழுபறியில் கிரேசின் விரல்கள் அத்தையின் மணிக்கட்டில் பதிந்துவிட்டன. இரண்டு துடிப்பு வேகமாக விழுந்தது, பிறகு ஒன்றுமில்லை. ஒன்று விழுந்தது. மறுபடி நீண்ட நேரம் ஒன்றுமில்லை. கால் ஊனமான ஒருவர் பாரத்தோடு படி ஏறுவதுபோல் அது தடுக்கித் தடுக்கிப் போயிற்று. லாரிக்காரர்கள் விண்ட தோசையை வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கல்லில் தோசை கருகிற்று. ரோசம்மாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கிரேஸ் விடவில்லை, அப்பாவுவின் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டபோது, ரெண்டு வருஷமாகத் தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் முட்டுகிறது என்று ரோசம்மாள் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் மருமகளைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். “இவன் லாரியில ஊரூராப் பூடுவான். எனக்கு ஒண்ணு ஆச்சின்னா பக்கத்துல குந்த ஒரு ஆளு வோணும். அதான் உன்னக் கேட்டுக்கினு இருந்தேன்.”

கிரேசுக்கு அதுவரை அத்தைமேல் இருந்த ஆத்திரம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஆனால் முடிவு மாறவில்லை. “சும்மா பக்கத்துல குந்திகினு இருந்தா இன்னா ஆவும் அத்தை? இன்னா பண்ணணும்னு தெரியணும். அதுக்குத்தான் போறேன். நீயும் கூட வா.”

தாவீது அப்போதுதான் வாய் திறந்தார். கொடுத்த வாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று அக்காவிடம் கேட்டார். ரோசம்மாள் கருகிய தோசையைச் சுரண்டி எடுத்துப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் புதிதாகச் சுட்டுக் கொடுத்தாள். அவள் திருப்பிக் கொடுத்த விதம் அதுதான்.

ஜூலையில் கிரேசும் ரோசம்மாளும் ஒரே ரயிலில் பட்டணம் போனார்கள். கிரேசின் தகரப் பெட்டியில் வெள்ளைப் புடவைகள், ரோசம்மாளின் பையில் மாற்றுச் சேலையும் வேதாகமமும். அத்திப்பட்டு ஸ்டேஷனில் தாவீது ஜன்னலருகே வந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று மேரி எதிர்பார்த்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பி வழியே வெறுங்கையை உள்ளே நீட்டினார். கிரேஸ் பிடித்தாள். சத்தம் எஞ்சினின் ஆவிச் சீறலையும் மீறிப் பிளாட்பாரம் முழுவதும் கேட்டது. பாதி பயத்தில், பாதி சந்தோஷத்தில் அடித்த துடிப்பு. மோர் விற்றவளும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். ரயில் நகரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரோசம்மாளின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். சின்ன வயசில் மூட்டுக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தார், வந்ததுதான். இதயத்தின் கதவு ஒன்று பழுதாகியிருக்கிறது, மாத்திரையும் ஓய்வும் வேண்டும் என்று பெண்கள் வார்டில் படுக்கை கொடுத்தார். முதல் பருவம் முழுவதும் கிரேஸ் வகுப்பில் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தாள், வேலை நேரத்தில் பெட்பேன் கழுவினாள், மூலை மடித்தாள், மருந்து ஊசி போட்டாள். கத்தரிக்காயைவிட மனிதத் தோல் சுலபம் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினாள். நாடி பார்க்கச் சொன்ன முதல் நாள் வார்டு முழுவதும் சத்தம் எழும்பியபோது, பாடம் நடத்தும் சிஸ்டர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, காது கேட்கிறது என்பதற்காக விரலைத் தளர்த்தக் கூடாது, விரல்தான் எண்ண வேண்டும் என்று திருத்தினார். மற்ற மாணவிகளுக்கும் அதையேதான் சொன்னார். ரோசம்மாளின் துடிப்பில் இடைவெளிகள் வாரத்துக்கு வாரம் குறைந்துவந்ததை அடுத்த படுக்கைக்காரிகள் எல்லோரும் கேட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிய நாளில் அவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். அந்த வருஷம் தொப்பி வாங்கியவர்களில் கிரேசும் இருந்தாள்.

ராஜமாணிக்கம் லைசென்சு எடுத்து, கல்கத்தா ரோட்டில் வண்டி ஓட்டினான். ரோசம்மாள் மாத்திரை விழுங்கிக்கொண்டு பாதி நேரம் கடை நடத்தினாள், தண்ணீர் தூக்க ஆள் வைத்துக்கொண்டாள். எண்ணூரில் மின்சாரம் வந்தது. வள்ளூருக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. படிப்பு முடிந்து சில இடங்களில் வேலை பார்த்த பிறகு கிரேஸ் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். அங்கே பிள்ளைத்தாச்சியின் கையைப் பிடிக்கும்போது தெருவில் இரண்டு துடிப்பு கேட்கும்: ஒன்று பெரிதாக, நிதானமாக, அதற்குள் இன்னொன்று சின்னதாக, அவசரமாக. ஒருநாள் தொழிற்சாலை வேலைக்கெனக் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த பிட்டர் ஒருவர் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு அது என்ன சத்தம் என்று கேட்டார். கடைக்காரர் பரசுராமன் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நர்சம்மா நாடி பாக்குறாங்க. ரெண்டும் நல்லாத்தான் கீது” என்று சொல்லிவிட்டு, டீக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும் என்று விசாரித்தார்.