ஏழாம் நம்பர் பை

மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் பை கட்டுவது அவள் வேலை. தீக்குச்சி டப்பாவின் மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, ஒரு சொட்டு ஈரம் இறங்காமல் அடைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் கடையில் எல்லாருக்கும் அவள் மெழுகக்கா.

ஒவ்வொரு பைக்கும் ஓர் அட்டை உண்டு. கயிறு, விசில், போர்வை என்று அதில் பதினொரு சாமான். ஒன்றை உள்ளே வைத்த பிறகுதான் அதற்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும் என்பது கடைச் சட்டம். மெழுகக்காவோ பதினொன்றுக்கும் முதலிலேயே மளமளவென்று போட்டுவிட்டு, பிறகுதான் சாமானை அடுக்குவாள். கை பழகியவளுக்குச் சட்டம் எதற்கு? முதலாளி கத்துவார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய தம்பி ஏழாம் நம்பர் பையோடு மலைக்குப் போனான். மழை பிடித்துக்கொண்டது. எட்டு நாள் தேடினார்கள். ஆளும் இல்லை, பையும் இல்லை. அவன் கிளம்பிய அன்று மாலை மேஜையைத் துடைக்கும்போது ஒரு தீக்குச்சி டப்பா அவள் கையில் தட்டுப்பட்டது. உபரியாகக் கிடந்ததா, அவன் பையில் போயிருக்க வேண்டியதா? கேட்டவர்களிடம் "எல்லாம் வச்சேன்" என்று சாதித்துவிட்டாள். டப்பாவை அப்படியே இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

இன்று மதியம் புதிதாகச் சேர்ந்த வழிகாட்டி, ஐந்து பையோடு போனவன், ஆறு பையோடு வந்து நின்றான்.

"என்னப்பா, ஒண்ணு குட்டி போட்டுச்சா?"

"எறக்கத்துல ஒருத்தர் பாறைமேல உக்காந்திருந்தாருக்கா. இது கடைப் பை, எங்க அக்காகிட்ட குடுத்துருங்கன்னாரு. வாங்கி மாட்டிக்கிட்டுத் திரும்பினா ஆளைக் காணோம்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"தலையோட மூடியிருந்தாரு. பல்லு தந்தியடிச்சுது. இத்தனைக்கும் நல்ல வெயில்க்கா."

பையில் ஏழு என்று எழுதியிருந்தது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். கயிறு, விசில், சொதசொதவென்று நனைந்த போர்வை. எண்ணினால் பத்து. மறுபடியும் எண்ணினாள், பத்துதான். தீக்குச்சி டப்பா இல்லை.

"நான்தான்," என்றாள் வாய்விட்டு. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பையின் அடியில் அட்டை இருந்தது. தீக்குச்சி என்ற வரிக்கு நேரே அவள் கையெழுத்து. அதன் கீழே பென்சிலில், தம்பியின் கோழிக்கிறுக்கல்: 'தீந்துபோச்சுக்கா.'

போகாத டப்பா எப்படித் தீரும்? இழுப்பறையைத் திறந்தாள். மெழுகில் துளி விரிசல்கூட இல்லை; அவள் விரல் ரேகை பதிந்தபடியே இருந்தது. கத்தியால் கீறி மூடியைத் திருகினாள். உள்ளே பன்னிரண்டு குச்சிகள். பன்னிரண்டும் எரிந்து கரிந்திருந்தன. ஒன்று இன்னும் விரலைச் சுட்டது.

அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காய்ந்த போர்வை ஒன்றை எடுத்துப் பையில் வைத்தாள். புது அட்டையில் அதற்கு நேரே கையெழுத்துப் போட்டாள். கயிற்றை வைத்தாள், கையெழுத்துப் போட்டாள். கடைசியில் இரண்டு டப்பாக்களுக்கு மெழுகு ஊற்றி, உள்ளே வைத்து, கையை விட்டு ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள்.

"நாளைக்கு மேல போறேல்ல? இதை அந்தப் பாறைமேல வச்சுட்டு வந்துரு."

"யாருக்குக்கா?"

"என் தம்பிக்கு. ரெண்டு வருஷமா குளிர்ல உக்காந்திருக்கான்."