காற்று மோட்டார்

தையல்காரியின் வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே கொதித்தது. அவள் ஒருத்திதான் வாசல் வாசலாக ஏறி இறங்கி எல்லோரையும் சமாதானப்படுத்தினாள். ஊர்த்தலைவர் அவள் கூடப்பிறந்த அண்ணன்.

“ஊர்ச் சாக்கடை முழுக்க வந்தாலும் பொட்டு நாத்தம் அடிக்காதாம். அடியிலேர்ந்து மோட்டார் காத்தடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால அழுகாது. எங்கண்ணன் என்னையே ஏமாத்துவாரா?”

முதலில் எல்லாம் அண்ணன் சொன்னபடிதான் நடந்தது. தொட்டி உலை வைத்ததுபோல் குமிழியிட்டது. வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் போனது. அப்புறம் ஒருநாள் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். தொட்டி ஆபரேட்டர் மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“ரிப்பேருக்குப் போகுதுக்கா. வந்துரும்.”

வரவில்லை. தொட்டியின் மேல் கறுப்பாக ஆடை கட்டியது. நாற்றம் சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் வந்து குடியேறியது. தைத்த துணியை முகர்ந்து பார்த்து வாங்கினார்கள். போகப் போக, தைக்கக் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள். குழாயடியில் எதிர்வீட்டுக்காரி எல்லோர் காதிலும் விழும்படி, “அண்ணனுக்கு வக்காலத்து வாங்குனவங்க இப்ப வந்து மோந்து பார்க்கட்டும்” என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டால், “பார்ட்ஸ் வரலம்மா, பொறு” என்று வைத்துவிடுவார்.

பொறுத்துப் பார்த்து, ஒரு மத்தியானம் நேரிலேயே போனாள். அண்ணன் தோட்டத்தில் இருக்கிறார், புதிதாக மீன்குளம் வெட்டியிருக்கிறார் என்றாள் அண்ணி. அங்கே குளத்து நடுவில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. கரையில் மோட்டார் ஓடியது. பக்கத்தில் குந்தியிருந்த ஆபரேட்டர் அவளைக் கண்டதும் எழுந்து தலையைச் சொறிந்தான்.

“இது நம்ம தொட்டி மோட்டார்தானே?”

“என்னைக் கேட்டா எப்படிக்கா? அண்ணன் மாட்டச் சொன்னாரு, மாட்டுனேன்.”

குடையும் கையுமாக அண்ணன் வந்தார். கொஞ்சமும் கூசவில்லை.

“காத்து இல்லேன்னா மீனெல்லாம் செத்து மிதந்துரும்மா. அது வெறும் சாக்கடை. சாகவா போகுது?”

“அங்க நாங்க இருக்கோமேண்ணே.”

“கொஞ்ச நாள்ல பழகிரும். என் தங்கச்சி நீயே எனக்காகப் பொறுத்துக்கலேன்னா, வேற யார் பொறுத்துக்குவா?”

அவள் விடுவிடுவென்று திரும்பி நடந்தாள். நேரே குழாயடிக்கு வந்து, கண்டதையும் கேட்டதையும் ஒன்று விடாமல் கொட்டினாள். தெருவே திரண்டு தன்னோடு கிளம்பும் என்று நினைத்தாள்.

எதிர்வீட்டுக்காரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “இதெல்லாம் உனக்கு இன்னிக்குத்தான் தெரியுமாக்கும்? என்ன, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பங்கு பிரிக்கிறதுல தகராறா?”

யாரோ சிரித்தார்கள். அவள் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஆபரேட்டர் கூடை நிறைய மீனோடு தெருவுக்கு வந்தான். தலைவர் கொடுத்தனுப்பியதாம், வீட்டுக்கு ஒன்று. எதிர்வீட்டுக்காரி கூடையைக் கிளறி, பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். தையல்காரி கதவைத் திறக்கவில்லை.

மத்தியானம் தெரு முழுக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு மீன் பொரித்தார்கள். மோட்டாரைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. அவளோடும் பேசவில்லை.