ஏழு தெரியாதவள்

மூன்றும் நான்கும் எத்தனை என்று இவளுக்குத் தெரியாதாமே. தெரியாத பிள்ளையின் முகமா இது? ஹேமலதா டீச்சர் இப்படி நினைத்துக்கொண்டே டேப்லெட்டை மறுபடி நீட்டினாள்.

மூன்றாம் வகுப்புக் கார்குழலி வாயைக் கிட்டே கொண்டுபோய், "ஏயு" என்றாள். விரல்களைக்கூட மடக்கவில்லை.

திரை சிவந்தது. "ஏய் என்று அழைப்பது தகாது. மரியாதையாகப் பேசிப் பழகுவோம்" என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

புதிதாக வந்த கணக்குச் செயலி அது. விடையை வாயால் சொல்ல வேண்டும். தட்டாஞ்சாவடிப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரில் ஒருவர் நாக்கிலும் அதற்குப் பிடித்த ழகரம் இல்லை. மற்றவர்கள் இரண்டே வாரத்தில் வழி கண்டுவிட்டார்கள். ஏழு வருகிற இடத்தில் எட்டு என்றார்கள். ஒரு தப்பைச் செயலி மன்னித்து அடுத்த கணக்குக்குப் போய்விடும், மரியாதைக்கும் பங்கமில்லை. இப்போது வாரத்துக்கு எத்தனை நாள் என்றாலும் எட்டு என்கிறார்கள். கார்குழலி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

தலைமையாசிரியர் தேவதாஸ் ஹேமலதாவைக் கூப்பிட்டனுப்பினார். செயலியின் அறிக்கை வந்திருந்தது. கார்குழலிக்குக் கூட்டல் தெரியாது, நடத்தையும் சரியில்லை, இரண்டாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பலாம். வகுப்பாசிரியை 'ஒப்புகிறேன்' என்பதை அழுத்தினால் முடிந்தது.

கோளாறு பிள்ளையின் கணக்கில் இல்லை, செயலியின் காதில்தான் என்று ஹேமலதா சொல்லிப் பார்த்தாள். அவர் நம்பவில்லை. டேப்லெட்டை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு தானே, "ஏயு" என்றார். அவருக்கும் மரியாதை போதிக்கப்பட்டது. அதில் இன்னும் திறந்திருந்த கார்குழலியின் பெயருக்கு நேரே குற்றம் நாற்பத்திரண்டு என்று ஏறியது.

"பாத்தீங்களா டீச்சர், இன்னொண்ணு ஏறிடுச்சு. எவ்ளோ திமிரு அந்தப் பொண்ணுக்கு."

ஹேமலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிரியர் பயிற்சியின்போது கண்ணாடி முன் நின்று ழகரம் பழகியவள் அவள். ரெட்டியார்பாளையத்து வீட்டு வாசலில் செருப்போடு அதையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். அம்மாவிடம், மயை வருது, துணிய எடு என்பாள். இரண்டில் எது தன் நாக்கு என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. இந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒரே நாக்கு.

தேவதாஸ் குரலைத் தணித்தார். "ஒரு பட்டன்தாம்மா. நாளைக்கு மேலேருந்து ஆள் வராங்க. அந்தப் பொண்ணு ஒண்ணு போனா ரிப்போர்ட்ல கிளாஸே பச்சையாயிடும். அமுக்கிட்டுப் போங்க."

அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நான் அமுக்கல சார்."