கொக்கியில் மாட்டிய கைப்பை

ஓஷ் நகரத்துப் பள்ளியில் சேர்ந்து மாதங்கள் சில கடந்தும் மீரிமுக்குத் தோழி என்று ஒருத்தியும் அமையவில்லை. ஆகவே, பக்கத்தில் உட்காரும் சனோபர் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று மகள் சொன்ன அன்று, சைக்கால் தானே மாவு பிசைந்து ரொட்டி சுட்டாள்.

கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு சிறுமி. பின்னால் பூப்போட்ட முக்காடும் தங்கப் பல்லுமாக அவளுடைய அம்மா. லூலி நாடோடிகள். சந்தையில் தூபச் சட்டியைச் சுழற்றிக் கண்ணேறு கழித்துக் காசு கேட்பவர்கள்.

"வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று சைக்காலின் வாய் குறையில்லாமல்தான் வரவேற்றது. கையோ தன் போக்கில், சுவர்க் கொக்கியில் தொங்கிய கைப்பையை எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டு வந்தது. மகள் கேட்டிராவிட்டால், அப்படிச் செய்ததை அவளே அறிந்திருக்க மாட்டாள்.

"அம்மா, என் பொம்மையையும் உள்ள வச்சிடவா?"

விரிப்பில் உட்காரப்போன சனோபரின் அம்மா உட்காரவில்லை. சிரித்தாள்.

"வை கண்ணு, பத்திரமா வை. ரொட்டிய மட்டும் ஒளிச்சிடாத. அத வாயில வைக்காம உங்க வாசலத் தாண்டினா பாவம் எனக்குத்தான?"

"ஐயோ அக்கா, சின்னப் பிள்ள, ஏதோ உளறுறா. உக்காருங்க, டீ ஊத்துறேன்."

"உளறலம்மா. பாத்ததச் சொல்லுது."

வந்தவர் எவரும் ரொட்டியைத் தொடாமல் திரும்பலாகாது என்பது அந்த ஊர் வழக்கம். அவள் ஒரு விள்ளல் பிய்த்துத் தன் வாயில் இட்டாள். ஒன்றை மகளுக்கு ஊட்டினாள். மிச்ச ரொட்டியைக் கவிழ்த்துவிடாமல், முகப்பு மேலே இருக்கும்படி முறையாக வைத்தாள். பிறகு மகளின் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறினாள். சனோபர் மட்டும் பொம்மையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாலையில் சைக்கால், மீரிம் பார்க்கும்படியாகவே கைப்பையைப் பழைய கொக்கியில் மாட்டினாள்.

"அவங்களப் பத்தி அம்மா எப்பவாச்சும் தப்பா சொல்லியிருக்கேனா?"

"இல்லியே."

அது உண்மைதான். ஒருநாளும் அவள் எதுவும் சொன்னதில்லை. சந்தையில் தூபப் புகை தெரிந்தால் மகளின் கையை இறுக்கிப் பிடிப்பாள், பையை மறு தோளுக்கு மாற்றுவாள், அவ்வளவே.

"சனோபர் நல்ல பொண்ணு. நாளைக்கும் அவ பக்கத்துலதான் உக்காரணும். என்ன?"

"உக்காருவேன்மா." மீரிம் சமர்த்தாகத் தலையாட்டினாள். "ஸ்கூல் பையை மடியில வச்சுக்கறேன்."