சாம்பார் லைன்

ஷார்ஜா தொழில்பேட்டையில் பைப் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு பைப்பைத் தவிர வேறு நினைப்பு வராது, அதில் தப்பில்லை. ஆனால் மேனேஜர் சேதுராமனுக்கு 2006-ஆம் வருஷம் ஒரு நினைப்பு வந்ததே, அது எந்தப் பாவிக்கும் வரக்கூடாது.

ஜூன் மாதம் அவர் பாரிஸ் போய்வந்தார். அங்கே ஆற்றங்கரையில் இருந்த பழைய புத்தகக் கடையில் படம் போட்ட பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நூறு வருஷத்துக்கு முந்தியது. இரண்டாயிரத்துக்கு அப்புறம் உலகம் எப்படி இருக்கும் என்று பக்கத்துக்குப் பக்கம் வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு படத்தில் தொழிலாளிகள் வரிசையாக வாயைப் பிளந்து நிற்கிறார்கள், சுவரிலிருந்து நீட்டிய குழாய் அத்தனை வாயிலும் சூப்பு ஊற்றுகிறது. ஓரத்தில் தொந்தி பெருத்த முதலாளி ஒருவர் குழாய்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இளிக்கிறார்.

"பாத்தியா நாகலிங்கம், அவன் அன்னிக்கே பிளான் போட்டுட்டான்!" என்றார் சேதுராமன். "நம்ம லேபர் கேம்ப்ல அறுநூறு பேரு. தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னே தினம் ஒரு மணி நேரம் போகுது. கிச்சன்லேர்ந்து ரூமுக்கு ரூம் லைன் போடு. டேப்பைத் திறந்தா சாம்பார்."

நாகலிங்கம் அந்தக் கம்பெனியின் பைப் ஃபோர்மேன், முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். அவன் சாம்பார் பற்றிப் பேச வரவில்லை. லீவு லெட்டரோடு வந்திருந்தான். ஆவணி இருபதாம் தேதி அவனுக்கு ஜோதிமணியோடு கல்யாணம். ஏற்கெனவே இரண்டு தடவை லீவு கிடைக்காமல் முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. மூன்றாவது தடவையும் மாப்பிள்ளை வரவில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று பெண்ணின் அப்பா முகத்துக்கு நேரே சொல்லாத குறையாகப் போனில் சொல்லிவிட்டார்.

சேதுராமன் லெட்டரை வாங்கி அந்தப் புத்தகத்துக்குள்ளேயே செருகிக்கொண்டார். "லைனை ஓட விடு. அன்னிக்கே கையெழுத்து. அதுவரைக்கும் மாஃபி."

இல்லை என்பதற்கு அரபியில் மாஃபி. சேதுராமனுக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான், அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அறுபது ரூம். அறுபது டேப். ஆகஸ்ட் வெயிலில் மனுஷன் வெந்து சாகிறபோது நாகலிங்கம் இரண்டு இஞ்ச் பைப்பை இழுத்துக்கொண்டிருந்தான். மெயின் லைனை மேனேஜர் ஆபீஸ் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கொண்டுபோகச் சொல்லிவிட்டார் சேதுராமன். வருகிறவர்களுக்குக் காட்ட அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு டேப் வேண்டுமாம். முதல் ட்ரையலில் முருங்கைக்காய் பம்பில் சிக்கியது. இரண்டாவதில் பருப்பு உறைந்து சிமெண்டாகிவிட்டது. மூன்றாவதில்தான் நாகலிங்கம் பம்புக்கு முன்னால் ஒரு சல்லடையைப் போட்டான். காயெல்லாம் நின்றுவிட்டது, மஞ்சள் தண்ணி மட்டும் ஜம்மென்று ஓடியது. பேருக்கு சாம்பார், அவ்வளவுதான்.

இதற்கிடையில் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை இங்கிலீஷில் போர்டாக எழுதி மாட்ட வேண்டும் என்றார் சேதுராமன். ஸ்டோர் கீப்பர் செய்கு அலாவுதீன் காரைக்கால்காரர். அவர் வாப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், மகனைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் போட்டார். புத்தகத்தை விரித்த அலாவுதீன், சிரித்த சிரிப்பில் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தார்.

"நாகலிங்கம், இது பிளானும் இல்ல, மண்ணும் இல்ல. முழுக்க நக்கல்! இப்படியெல்லாம் கூத்தடிப்பானுங்கன்னு கிண்டல் பண்ணியிருக்கான் எழுதினவன். இங்க பாரு, 'தொழிலாளிக்கு எப்போது பசிக்க வேண்டும் என்பதை இனி முதலாளியே முடிவு செய்வார். பசியின் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும்.' இதைப் போய் போர்டுல போடணுமாமே!"

நாகலிங்கம் புத்தகத்தைச் சட்டென்று மூடினான். "பாய், உங்க கால்ல விழுறேன். நக்கல்னு அவருக்குத் தெரிஞ்சா திட்டத்தை நிறுத்திப்புடுவாரு. லைன் ஓடலேன்னா எனக்கு லீவு இல்ல. மாத்தி எழுதிருங்க பாய்."

"பொய் எழுத மாட்டேம்பா. உள்ளதைத்தான் எழுதுவேன். அல்லா விட்ட வழி."

உள்ளதைத்தான் எழுதினார். நாகலிங்கம் ஆபீஸ் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சேதுராமன் அதை ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அடடா! பசியின் சாவி! என்ன ஒரு தொலைநோக்கு பாருங்க பாய். பெரிய எழுத்துல போடுங்க!"

அலாவுதீனும் நாகலிங்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணியவில்லை. எழுதியவன் உயிரோடு இருந்திருந்தால் பேனாவை உடைத்துப் போட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்த்திருப்பான்.

ஆவணி பத்தாம் தேதி திறப்பு விழா. கம்பெனி முதலாளியான அரபியை எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள். அர்பாப் வந்தார், போர்டைப் படித்தார், சேதுராமனின் மேஜையோர டேப்பைத் திறந்தார். சாம்பார் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, காய்கறி எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கார் கிளம்பியதும் நாகலிங்கம் போய் நின்றான். "சார், லீவு..."

"லீவா? உனக்கென்ன பைத்தியமா? சவுதியில இருக்கிற ஜுபைல் கேம்புக்கும் இதே மாதிரி வேணும்னு அர்பாப் சொல்லிட்டாரு. உன்னை விட்டா யாருக்கு இந்த லைன் தெரியும்? கல்யாணம் எங்கயும் ஓடிடாது. நாளைக்கு அர்பாப் கூட்டாளிங்களோட மறுபடி வராரு. காயோட வரணும். அந்தச் சல்லடையைக் கழட்டு."

மூன்று வருஷமாக நாகலிங்கம் இப்படிப்பட்ட நேரங்களில், சார் அது சரிப்படாது சார், என்று சொல்லிச் சொல்லி இந்தக் கம்பெனியைக் காப்பாற்றியிருக்கிறான். அன்றைக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஜோதிமணியின் அப்பா குரல் காதில் கேட்டது. வந்ததை அப்படியே விழுங்கினான்.

"சரி சார்," என்றான். "காயோட வரும்."

சல்லடையைக் கழற்றினான். மறுநாள் பதினோரு மணிக்கு, சொன்னபடி, பம்பைப் போட்டான். முருங்கைக்காய் இந்தத் தடவை பம்பில் சிக்காமல் நேராகப் போய் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்த வளைவில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த பூசணிக்காய் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. ஜாயிண்ட் விட்டுப்போய், சீலிங் அட்டையோடு அறுநூறு பேர் சாம்பார் சேதுராமன் தலையில் இறங்கியது. அது ஆறியிருந்தது அவர் செய்த புண்ணியம். அர்பாபின் கூட்டாளிகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவர் கேமராவை எடுத்தார்.

"கேன்சல்!" என்று சேதுராமன் அலறினார். காதோரம் ஒரு கத்தரிக்காய். "இவன் விசாவை கேன்சல் பண்ணு! இன்னிக்கே ஊருக்கு ஏத்து!"

கேன்சல் என்பது அறுநூறு பேரையும் நடுங்க வைக்கிற வார்த்தை. ஊரில் வீடு பாதியில் நிற்கிறவன் எவனுக்கும் அதைக் கேட்டால் கை கால் ஓடாது. நாகலிங்கத்துக்கும் ஒரு நிமிஷம் ஓடவில்லை. பிறகு தேதியைக் கணக்குப் பார்த்தான். ஆவணி பதினொன்று. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

மறுநாள் பெட்டி கட்டும்போது அலாவுதீன் வந்தார். வெளியே பழையபடி சாப்பாட்டு வரிசை, தட்டுச் சத்தம். "கடைசிப் பக்கத்தையும் படிச்சேன்பா," என்றார். "இதெல்லாம் வெறும் விளையாட்டுக்கு எழுதினேன், யாரும் பயப்பட வேண்டாம், இரண்டாயிரம் வர்றதுக்குள்ள மனுஷனுக்குப் புத்தி வந்துடும்னு முடிச்சிருக்கான்."

நாகலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்று வருஷமாகக் கம்பெனி பூட்டி வைத்துக் கண்ணில் காட்டாத பாஸ்போர்ட் இப்போது அவன் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே கேன்சல் முத்திரை. ஏர்போர்ட்டிலிருந்து ஜோதிமணிக்குப் போன் போட்டான்.

"நெசமாவே வாரீகளா? லீவு கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு."

"எத்தனை நாளு?"

நாகலிங்கம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நிறைய நாளு," என்றான்.