தெற்கு வாசலும் ஆறிய டீயும்

"ஒரு டம்ளர் டீயை ஆற வெச்சே, செத்துப்போன ஆயிரம் ராஜாங்கள எழுப்பிக் குந்த வெச்சவன்டா நானு!" என்றார் யேசுதாஸ், கும்மிடிப்பூண்டி பிரியாணிக் கடையில் கோழிக்காலைச் செங்கோல் போல உயர்த்திப் பிடித்து.

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அண்டா மூடி அதிர்ந்தது. எல்லோரும் தொழிற்பேட்டை ஆட்கள். 'ஏழு கோட்டை' என்ற ஆன்லைன் போர் விளையாட்டை ஒரே படையாக ஆடுகிறவர்கள். வெற்றிக்கு விருந்து. கிரேன் ஓட்டும் ஸ்டீவன், படைத் தலைவி பக்கம் திரும்பினான்.

"மேரிக்கா, உன் ஊட்டுக்காரர் உடுற ரீலப் பாத்தியா?"

ஆரோக்கியமேரி தயிர்ப் பச்சடியைக் கிளறினாள். புருஷன் சொல்லும் எதையும் பாதியிலேயே வெட்டுகிறவள் அவள். இன்றைக்கு வெட்டவில்லை. அந்த டம்ளரை அவளுக்குத் தெரியும்.

ரெடிமேட் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர் மேரி. ஒரு தையல் விலகினாலும் விடமாட்டாள்; படையையும் அப்படியே நடத்தினாள். அவள் அடித்த அடியில் எதிரிகள் வரைபடத்தின் மூலையில் கொசுவாக ஒட்டினார்கள். அப்புறம் அந்தக் கொசுக்களும் ஒன்றிரண்டு தவிர ஆட்டத்தை விட்டே பறந்துவிட்டன. கடைசிப் போர் நெருங்கியபோது அறிவிப்பு வந்தது: எதிர்க்க ஆள் இல்லையென்றால் களத்தை மூடிவிடுவார்கள், போரும் இல்லை, சிம்மாசனமும் இல்லை. கம்பெனி பஸ்ஸிலும், பூசைக்குப் போகும் வழியிலும், குக்கர் விசில்களுக்கு நடுவிலும் ஆடி நெருங்கிய சிம்மாசனம்! மேரிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அவளுடைய தெற்குக் கோட்டை விழுந்தது. மறுநாள் அதற்குப் பக்கத்துக் கோட்டை. இரண்டுமே மதியம் ஷிப்டு மாறும் நேரத்தில்.

அந்த நேரத்தில் படையில் யார் கையிலும் போன் இருக்காது. உள்ளே போகிறவர்கள் கம்பெனி கேட் லாக்கரில் வைத்திருப்பார்கள். வெளியே வருகிறவர்கள் இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அந்த வேளையில் ஆட்டத்தில் கோட்டை வாசலைப் பூட்டும் பொறுப்பு ஒரே ஒருவருக்கு: வள்ளூர் அனல்மின் நிலையத்தில் டர்பைன் ஓட்டி, ஓய்வு பெற்று, வீட்டிலிருக்கும் யேசுதாஸுக்கு.

"நெட்டு கட்டாயிடுச்சு மேரி," என்றார் முதல் நாள். அடுத்த நாள், "காக்கா ஒண்ணு போனைத் தூக்கிக்கினு பூட்ச்சி. தொரத்திப் புடிச்சேன்."

மேரி நம்பவில்லை. வேலை விட்டு வந்தால் ஜன்னலில் ஏடு படிந்த டீ. அடுப்பிலிருந்து இறக்கும்போதே குடித்து, காதுவழியாக ஆவி விடுகிற மனுஷன் டீயை ஆற விடுகிறாரா? ஆட்டத்தை விடாமல் எஞ்சியிருந்த எதிர்ப்படைத் தலைவி கடம்பத்தூர் சந்திரகலாவோடு ஏதோ பேச்சு ஓடுகிறது என்று முடிவு கட்டினாள். துரோகி வீட்டுக்குள்ளேயே, அதுவும் தன் தலையணையிலேயே!

மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே நுழைந்தாள். ஜன்னலோரம் டீ. பக்கத்தில் போன். திரையில் கோட்டை வாசல் பூட்டாமல் கிடந்தது. மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ்! கோட்டைய யாருக்குய்யா வித்துக்கினு இருக்கிற?"

யேசுதாஸ் துள்ளிய துள்ளலில் ஃபேன் தப்பியது. "யாருக்கும் இல்ல மேரி! டீ ஆறுற வரிக்கும் தொறந்து வெப்பேன். ஆறுனதும் பூட்டிடுவேன். அவ்ளோதான்."

"அந்த சந்திரகலா..."

"அவளுக்கே தெரியாது. கேளு. ஓடினு இருக்கிற டர்பைனுக்கு லோடு திடீர்னு பூட்ச்சின்னா இன்னா ஆவும்? வேகம் எகிறும், ட்ரிப் ஆயி நின்னுடும். உனக்கு எதிர்த்து இழுக்கிற லோடு இல்ல மேரி. எல்லாரையும் அட்ச்சி தொரத்திட்ட. சிம்மாசனம் ட்ரிப் ஆவப் போவுது."

"கதை உடாத!" போனைப் பிடுங்கினாள். அவருடைய செய்திகளைத் தேடினாள், ஒன்றுமில்லை. திரையில் அவளுடைய மூன்றாவது கோட்டையின் தெற்கு வாசலை நோக்கிக் கொடிகள் வந்துகொண்டிருந்தன. ஆட்டத்தை விட்டு ஓடியவர்களின் பெயர்கள், ஒவ்வொன்றாக. பொது அரட்டையில் சந்திரகலா கத்திக்கொண்டிருந்தாள்: 'எல்லாரும் திரும்பி வாங்கப்பா! மேரி கோட்டைக்கும் வாசல் இருக்குது!'

பூட்டு மேல் போன மேரியின் விரல் அங்கேயே நின்றது. ஜன்னலோரம் டீயில் இன்னும் ஆவி பறந்தது.

களம் மூடப்படவில்லை. கடைசிப் போரில் சந்திரகலா அடித்த அடியில் மேரியின் நடுக்கோட்டையில் ஒரே ஒரு செங்கல்தான் மிச்சம். அந்தச் செங்கல் மேல் நின்றுதான் மேரி சிம்மாசனம் ஏறினாள்.

"இன்னாக்கா கம்முனு கீற?" பிரியாணி மேசையில் ஸ்டீவனின் முகத்தில் சிரிப்பு வடிந்திருந்தது. "தெற்கு வாசல்ல என் குதிரைப்படை மொத்தமும் செத்துச்சு. வேணும்னே தொறந்து வெச்சாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புருஷன் வழக்கம்போல் புளுகன், தலைவி தலைவியாகவே இருப்பாள். யேசுதாஸே அவளுக்காகக் கண்ணடித்தார், மறுத்துவிடு என்று.

மேரி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் சொன்னது நெசந்தான்டா ஸ்டீவன். மொத ரெண்டு டம்ளரும் அவரு ஆற வெச்சது. உன் குதிரைங்க செத்தது மூணாவது டம்ளர்ல. அன்னிக்கி ஊட்ல குந்திக்கினு அதை ஆற வெச்சது நானு."